கேஸ்ரிக் என்று வரும் பிள்ளையின் கையைப் பிடித்துப் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வெளிநோயாளர் பிரிவில் புதிதாக உட்காரும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் இதை எழுதுகிறேன். உண்ணல் கோளாறு, அதாவது நிறைக்குப் பயந்து பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற மனநோய் என்று சொல்லிக்கொண்டு யாரும் துண்டு எடுக்க மாட்டார்கள். "கேஸ்ரிக் டொக்டர், சோறு இறங்குதில்லை" என்பார்கள். தலைசுற்று, மலச்சிக்கல், மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை என்பார்கள். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு மூன்று தடவை ஒமெப்ரசோல் என்ற கேஸ்ரிக் மருந்தை எழுதிக் கொடுத்தேன். நாலாவது தடவை பிரஷர் பார்க்க நீளக்கைச் சட்டையை மடித்தபோதுதான் கண்டேன்: மே மாத வெயிலில் விரல்கள் சில்லிட்டிருந்தன, முன்கை முழுக்கப் பூனைமுடி. இரண்டும் பட்டினியின் அடையாளம். முந்திய மூன்று தடவையும் நான் அவளைத் தொடவே இல்லை.

1. தொட்டுப் பாருங்கள்

நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பிரஷரைப் படுக்கவைத்து ஒருமுறை, எழுப்பி நிற்கவைத்து ஒருமுறை பாருங்கள். விரல் விட்டு வாந்தி எடுப்பவர்களுக்கு விரல் மொளியில் தழும்பு இருக்கலாம், காதுக்குக் கீழே கூகைக்கட்டு போல வீங்கலாம், முன்பற்களின் உட்பக்கம் அரித்திருக்கலாம். ஆள் மெலிந்திருக்க வேண்டும் என்றில்லை. புலிமியா, அதாவது அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் நோய், உள்ள பலருக்கு நிறை சரியாகவே இருக்கும். இரத்தப் பரிசோதனை நல்லபடி வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது.

2. தனியாகக் கதையுங்கள்

எங்கள் ஊரில் மகளிடம் கேட்டால் அம்மாதான் பதில் சொல்லுவார். "அம்மா, மகளோடு ரெண்டு நிமிஷம் தனியாகக் கதைக்கட்டா?" என்று கேளுங்கள். ஆண் வைத்தியர் என்றால் தாதி ஒருவர் கூட இருக்கட்டும்.

உண்ணல் கோளாறு இருக்கலாமா என்று அறிய, 1999இல் வெளிவந்த ஸ்கொஃப் (SCOFF) என்ற ஐந்து கேள்விகள் போதும். வயிறு நிறைந்துவிட்டது என்று நீங்களாகவே வாந்தி எடுப்பதுண்டா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போகிறதே என்று கவலையா? மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் மெலிவு என்னும்போது நீங்கள் குண்டு என்று நினைக்கிறீர்களா? சாப்பாட்டு நினைப்புத்தான் உங்கள் வாழ்க்கையை ஆளுகிறதா? இரண்டுக்கு ஆம் என்றால் மேலே விசாரியுங்கள். இது சல்லடைதான், நோய் இதுதான் என்ற முடிவு அல்ல.

விரதத்தையும் நோன்பையும் குறை சொல்லாதீர்கள். கந்தசஷ்டி பிடித்தவரிடம், "பாறணை முடிஞ்ச அடுத்த நாள் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். நம்பிக்கையோடு பிடித்தவர் புட்டும் மீன்குழம்பும் என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார். விரதத்தின் பின்னால் நோய் மறைந்திருந்தால் பதில் தடுமாறும்.

3. யாரை உடனே அனுமதிப்பது

நாடி 40க்குக் கீழ், எழும்பினால் பிரஷர் 20க்கு மேல் இறங்கி மயக்கம், பொட்டாசியம் 3க்குக் கீழ், ஈசிஜியில் மாற்றம், உயிரை மாய்க்கும் எண்ணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

அனுமதித்த பிறகு பொறுமை வேண்டும். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சோறு கொடுத்தால் இன்சுலின் ஏறி, இரத்தத்தில் இருக்கும் பொஸ்பேட் உயிரணுக்களுக்குள் போய்விடும். இதயம் நின்றுபோகவும் கூடும். முதலில் தயமின் (விற்றமின் B1), பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உணவு, பொஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் தினமும் பார்க்க வேண்டும். அம்மம்மா பாசத்தோடு கொண்டுவரும் சோற்றுப் பார்சலுக்கும் இதை விளங்கப்படுத்துங்கள், கோபிக்காமல்.

4. வீட்டாரோடு

நாவூறு என்று நூல் கட்டியிருந்தால் இருக்கட்டும், கிளினிக் திகதி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "உங்களால் வந்த நோய் இல்லை, ஆனால் நீங்கள் இல்லாமல் மாறாது" என்று அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். இள வயதினருக்கு வீட்டாரே கோப்பையில் போட்டுக் கொடுத்து, கூட இருந்து சாப்பிடவைக்கும் குடும்பச் சிகிச்சைதான் முதல் வழி. அதை மனநலக் கிளினிக்கோடு சேர்ந்து நடத்துங்கள். இரவு பகல் எந்நேரமும் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுக்கலாம் என்று துண்டில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு விசயம். நிறை ஏறித் திரும்பி வரும் பிள்ளையிடம் "நல்லா உடம்பு வெச்சிட்டாய்" என்று சொல்லிவிடாதீர்கள். நாம் சந்தோசத்தில் சொல்லுவோம், அவள் காதில் "கொழுத்திட்டாய்" என்றுதான் விழும். எனக்கு இப்போது வாயில் வருவது வேறு: "கை சூடா இருக்கு மகள்."