லாட கிட்னி இருக்கறவங்களுக்கு அயோர்ட்டா ஆபரேஷனா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

நான் சிடி ஸ்கேன் எடுக்கற டெக்னீஷியன். சுமார் 500 பேர்ல ஒருத்தருக்கு பிறவியிலயே ரெண்டு கிட்னியும் கீழ்முனையில ஒட்டிக்கிட்டு குதிரை லாடம் மாதிரி இருக்கும், நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. அந்த ஒட்டுன சதை, இதயத்துலேர்ந்து வயித்து வழியா கீழ போற பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவுக்கு முன்னாடி பாலம் மாதிரி குறுக்க கிடக்கும், அதே எடத்துல அயோர்ட்டா வீங்கி அனூரிசம் ஆச்சுன்னா சர்ஜனுக்கு வழியே மறிஞ்சுடும்.

பெரிய தப்பு என்னன்னா, அல்ட்ராசவுண்ட்ல வீக்கம் 5.5 செமீ தாண்டிடுச்சுன்னு தெரிஞ்சதும் அதை மட்டும் வச்சு ஆபரேஷன் பிளான் பண்றது. லாட கிட்னிக்கு பக்கத்துக்கு ஒரு ரத்தக்குழாய்ங்கற கணக்கே கிடையாது, மூணு நாலு கூட இருக்கும், வீங்குன எடத்துலேர்ந்தே சிலது கெளம்பும், காலுக்குப் போற இலியாக் குழாய்லேர்ந்தும் வரும். ஒரு பெரியவருக்கு சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய் தெரியறதுக்கு மருந்து ஏத்தி எடுக்கற ஸ்கேன்) எடுத்தப்ப ஒவ்வொரு படமா நகர்த்திப் பாத்தேன், வீக்கத்தோட முன்பக்கத்துலேர்ந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு நேரா அந்தப் பாலத்துக்குள்ள போச்சு, பிளெயின் ஸ்கேன்ல அது தெரிஞ்சிருக்கவே இருக்காது. மருந்து ஏத்துனா கிட்னி போயிடும்னு பயந்து ஆஞ்சியோ வேணாம்னு சொல்லிடாதீங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ற கிரியேட்டினின் ரிப்போர்ட்டக் காட்டி டாக்டர்கிட்ட பேசுங்க, அளவு குறைச்சு குடுக்க வழி இருக்கு. ஆனா வலிக்குதுன்னு நீங்களா டைக்ளோஃபினாக் போடாதீங்க, கிட்னிக்கு அதுதான் ஆகாது.

வழிய மறிக்குதுன்னு பாலத்த வெட்டறதும் ஆபத்து. அதுல பெரும்பாலும் வேலை செய்யற கிட்னி சதைதான் இருக்கும், வெட்டுனா ரத்தம் போகும், யூரின் கசியும், வீங்குன எடத்துல புதுசா வச்ச செயற்கைக் குழாய்ல, அதாவது கிராஃப்ட்ல இன்ஃபெக்ஷன் புடிச்சா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் ஓப்பன் ஆபரேஷன்ல நிறைய சர்ஜன்கள் இடது விலாப்பக்கமா, கிட்னிக்குப் பின்னாடி போறாங்க.

ரத்தக்குழாய் வழியாவே உள்ள வைக்கற ஸ்டென்ட்னா வயித்தக் கிழிக்க வேணாம், சரி, ஆனா துணி போத்துன அந்த ஸ்டென்ட் கிளைக்குழாய் வாயை மூடிட்டா அது ரத்தம் குடுத்த கிட்னி பாகம் செத்துடும். சின்னக் குழாய்னா பெரும்பாலும் உடம்பு தாங்கிக்கும், 3 மிமீக்கு மேலன்னா காப்பாத்தத்தான் பாப்பாங்க, எந்தெந்தக் குழாய மூடப்போறீங்கன்னு முன்னாடியே கேளுங்க.

இன்னொண்ணு, லாட கிட்னிக்காரங்களுக்கு கல்லு வர்றது சகஜம். அனூரிசம் இருக்குன்னு தெரிஞ்சவருக்கு திடீர்னு முதுகோ வயிறோ வலிச்சு வேர்த்துக் கொட்டுனா பழைய கல்லு வலின்னு மாத்திரை போட்டுப் படுக்க வைக்காதீங்க, அது வீக்கம் வெடிக்கறதா இருக்கலாம், உடனே 108-ஐ கூப்பிட்டு, பழைய ஸ்கேன் ஃபிலிமையும் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க.