கட்டி முடித்த எஞ்சின் உதறுகிறதா?

எஞ்சினைப் பிரித்துக் கட்டிய பின் வண்டி உதறினால், உடனே கார்புரேட்டரைத் திருகாதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் வயர்களைப் பாருங்கள். பழைய பெட்ரோல் அம்பாசிடரில் எரியும் வரிசை, அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-3-4-2. இதில் 2, 4 வயர்களை மாற்றி மாட்டிவிட்டு இரண்டு நாள் அலைந்தவன் நான்.

வயர் சரியென்றால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போதே ஒவ்வொரு வயராகச் சில நொடிகள் கழற்றுங்கள். காப்புறையிட்ட இடுக்கி அவசியம். ஷாக் பலமாக அடிக்கும். எந்த வயரைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாமல் படுத்திருக்கிறது. அங்கே பிளக், வால்வு இடைவெளி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம்) மூன்றையும் சோதியுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் படுத்திருந்தால் என் சந்தேகம், எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டின் மேல்தான். நான்குமே தடுமாறினால், சிலிண்டர்களுக்குக் காற்று-பெட்ரோல் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். காற்று புகும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும்.