இடமாற்றமும் ஓட்டிசப் பிள்ளையும்: வன்னிக்கு வருபவர்கள் விடும் பிழைகள்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் தை பிறந்தால் இடமாற்றக் கடிதம் பிறக்கும். நான் ஆசிரியை, அவர் நீர்ப்பாசனத் திணைக்களம். கஷ்டப் பிரதேச சேவை என்று யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்தோம். பிறகு ஒட்டுசுட்டான் பக்கம், இப்போது வவுனியா, எல்லாம் வன்னிதான். மூன்று தரமும் கூடவே வந்தவன் மகன். அவனுக்கு ஓட்டிசம். முதல் தரம் மாறியபோது 5 வயது, இப்போது 14.

இதை இடம்பெயர்வு என்று நான் சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்கு வன்னியில் வேறு கனம் உண்டு. இது லொறி பிடித்து, சம்பளத்தோடு, அரசாங்கக் கடிதத்தோடு மாறுவது. ஆனால் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நேற்றிருந்த சுவர் இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான் அவனுக்கு.

ஒவ்வொரு வருடமும் இப்படிப் பிள்ளையோடு மாறி வரும் யாராவது ஒருவர் என் நம்பரைத் தேடிப் பிடித்து எடுக்கிறார்கள். தாதி, கிராம அலுவலர், பொலிஸில் இருப்பவர், வங்கிக்காரர் என்று எல்லா ரகமும் உண்டு. பெரும்பாலும் நான் விட்ட அதே பிழையை விட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னல் சீற் பிடியுங்கள், விருப்பமான விளையாட்டுச் சாமானைக் கையில் வைத்திருங்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதனால் இங்கே எழுதவில்லை.

"அது அவையிட்ட இருக்கும்தானே"

போன தையில் ஒரு இளம் குடும்பம் வந்தது. மனைவி தாதி, முல்லைத்தீவுப் பக்கம் மாற்றம். பிள்ளைக்கு நாலரை வயது. "அக்கா, எல்லாம் கொண்டு வந்தனாங்கள்" என்று தகப்பன் பெருமையாக ஒரு ஃபைலைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழ், ஊசி போட்ட கார்ட், ஞானஸ்நானப் பத்திரம், கல்யாணப் பதிவு, காணி உறுதியின் போட்டோகொப்பி. வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கான் படம்கூட இருந்தது, மை மங்கி. பிள்ளை ஒன்றரை வருடம் யாழ்ப்பாணத்தில் பேச்சுத் தெரப்பிக்குப் போயிருக்கிறான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"தெரப்பி மிஸ் எழுதித் தந்தது எங்க?"

"அது அவையிட்ட இருக்கும்தானே, அக்கா. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அனுப்புவினம்."

எனக்குச் சுள்ளென்றது. அவரில் இல்லை, ஒன்பது வருடத்துக்கு முந்திய என்னில்.

வன்னிச் சனத்துக்குக் கடதாசியின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2009இல் போருக்குள் ஊர் ஊராக ஓடியவர்கள் சோற்றுப் பானையை விட்டாலும் பத்திரக் கட்டை விடவில்லை. ஷொப்பிங் பைக்குள் ஷொப்பிங் பை வைத்துச் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் பல வீடுகளில் அந்தப் பை அலுமாரியின் மேல்தட்டில், கை எட்டும் இடத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், பிள்ளையைப் பற்றிய குறிப்பு மட்டும் பத்திரம் என்ற கணக்கில் வருவதில்லை. அதில் முத்திரை இல்லை, சீல் இல்லை. அதனால் அது கடதாசியே இல்லை என்று நினைக்கிறோம்.

கிளினிக் கொப்பி நம் கையில் இருக்கும், சரி. அதில் அடுத்த திகதியும் மருந்தும் டொக்டரின் இரண்டு வரியும் இருக்கும். பேச்சுத் தெரப்பி செய்தவர், தொழில்வழிச் சிகிச்சை (சாப்பிடுவது, உடுப்பது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குவது) செய்தவர் வைத்திருக்கும் குறிப்புகள் வேறு. அவை அவர்களுடைய மேசையில் கிடக்கும். நீங்கள் லொறியில் ஏறும்போது அவை தானாக எழும்பிப் பின்னால் வரப்போவதில்லை.

என் கதை இது. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது மகனுக்கு ஒரு சொல்லும் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு நீலப் போத்தல் மூடியைக் கொண்டுவந்து நம் உள்ளங்கையில் வைப்பான். யார் பழக்கினதும் இல்லை, அவனாகக் கண்டுபிடித்தது. அங்கிருந்த தெரப்பி மிஸ் கெட்டிக்காரி. மூடியைப் பறிக்காமல், மூடியின் படத்தை ஒரு அட்டையில் ஒட்டி, பிறகு போத்தலின் படம், பிறகு கோப்பையின் படம் என்று மெல்ல மெல்ல நகர்த்தினார். அதற்கு ஐந்து மாதம் போனது. கோப்பைப் படத்தைத் தூக்கித் தரத் தொடங்கிய இரண்டாம் கிழமை எனக்கு மாற்றம் வந்தது.

புது இடத்தில் கிளினிக்குக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. கையில் கொப்பி மட்டும். அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். அவன் மூடியை நீட்டினான். வாயில் போட்டு விழுங்கிவிடுவான் என்று பயந்து புது மிஸ் அதை வாங்கி லாச்சிக்குள் வைத்தார். அவரில் என்ன பிழை? சின்னப் பிள்ளையின் கையில் மூடி இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அவன் கத்தினான், கடித்தான். அன்றைய குறிப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று விழுந்தது. அடுத்த தரமும் அதே. மூன்றாம் தரம் அவன் மூடியை யாருக்கும் நீட்டவில்லை. வீட்டிலும் நீட்டவில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கோப்பையை வாயில் வைத்தேன்.

நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தாய்க்கு அது தகவல் இல்லை, பழக்கம். என் பிள்ளை எப்படித் தண்ணீர் கேட்பான் என்பது சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. தெரப்பி செய்தவருக்குத்தான் அதன் பெறுமதி தெரியும். அவரைக் கொண்டு ஒரு வரி எழுதுவித்திருந்தால் போதும்: "நீல மூடியைத் தந்தால் தண்ணீர், மூடியைப் பறிக்க வேண்டாம்." அந்த ஒரு வரி இல்லாமல் எட்டு மாதம் போனது. பழைய இடத்துக்குத் திரும்பி வரவே எட்டு மாதம்.

இன்னொன்று, காது. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதுகேட்டல் பரிசோதனை செய்வார்கள். அந்த அறிக்கை எங்களிடம் இருந்தது, யாழ்ப்பாண வீட்டில், அம்மாவின் பெட்டிக்குள். அதனால் திரும்பவும் அனுப்பினார்கள். இன்னொரு லீவு, இன்னொரு பஸ், இன்னொரு தரம் காதில் எதையோ மாட்ட அவன் பட்ட பாடு.

அமெரிக்கப் படையினரின் குடும்பங்களுக்கு இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. விசேட தேவையுள்ள பிள்ளையோ துணையோ இருந்தால் அதில் பதிவது கட்டாயம். ஆளை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும்போது அங்கே தேவையான சேவை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போனால், பழைய பள்ளிக்கூடம் எழுதிய தனியாள் கல்வித் திட்டத்தில் உள்ளதற்கு ஒப்பான சேவையைப் புதுப் பள்ளிக்கூடம் தொடக்கத்தில் கொடுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கிடையே உடன்படிக்கையும் உண்டு. அங்கேயும் குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை. ஆனால் அங்கேயும் பிள்ளைக்கு முன்னால் கடதாசிதான் போகிறது. நமக்கு இடமாற்றம் எழுதுகிறவருக்கு நம் பிள்ளை இருப்பதே தெரியாது. ஆகவே அந்த வேலையும் நம் தலையில்தான்.

சரி, என்ன செய்வது? கடிதம் கையில் கிடைத்த கிழமையே கேளுங்கள். கடைசிக் கிளினிக் நாளில், வெளியே நாற்பது பேர் வாங்கில் இருக்கும்போது கேட்டால் "பிறகு வாங்கோ" என்றுதான் வரும், நீங்கள் பிறகு வரமாட்டீர்கள். டொக்டரிடம் ஒன்று, பேச்சுத் தெரப்பியில் ஒன்று, தொழில்வழிச் சிகிச்சையில் ஒன்று, முன்பள்ளி ரீச்சரிடம் ஒன்று என்று தனித்தனியாக. அரைப் பக்கம் போதும். இப்போது என்ன செய்கிறான், வேண்டியதை எப்படிக் கேட்கிறான், என்ன செய்து பார்த்துச் சரிவரவில்லை, எதற்குக் குழம்புவான், எதற்கு அடங்குவான். சரிவராததை எழுதுவிக்க மறக்க வேண்டாம். புது ஆள் அதையே திரும்பச் செய்து மூன்று மாதத்தைத் தின்னாமல் இருக்க அதுதான் காவல்.

பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். பரவாயில்லை, புது இடத்து டொக்டர் சிங்களவராக இருந்தாலும் வாசிப்பார். ஆனால் அங்கேயே உட்கார்ந்து வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாசிக்கும்போதுதான் "மிஸ், மூடிக் கதை இதில இல்லையே" என்று உங்களுக்கு ஞாபகம் வரும். அப்புறம் கையில் உள்ள போனில் ஒரு ஒரு நிமிட வீடியோ: சாப்பிடுவது, விளையாடுவது, குழம்புவது. குழம்புவதை எடுக்க மனம் வராது, எடுங்கள். கிளினிக் அறையில் அவன் காட்டுவது அவன் இல்லை.

அந்த இளம் தகப்பனை அடுத்த கிழமையே யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்பினேன். முகம் கறுத்துக்கொண்டுதான் போனார். ஒன்றரைப் பக்கத்தோடு வந்தார்.

பள்ளிக்கூடத்துக்குச் சொல்லாமல் விடுவது

"புது ஊர், ஒருத்தருக்கும் தெரியாது, புதுசாத் தொடங்குவம்." மூத்த பிள்ளையின் கல்யாணம் வரைக்கும் யோசித்து மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானே ஆசிரியை, நானே மறைத்தேன். "பேச்சு கொஞ்சம் பிந்தும்" என்று மட்டும் சொல்லிச் சேர்த்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி என்பது மரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. இரும்பால் அடிப்பார்கள். இரண்டாம் நாள் இடைவேளைக்கு அடித்தபோது காதைப் பொத்திக்கொண்டு கேற்றைத் தாண்டி ஓடிவிட்டான். ஏ9 வீதி கூப்பிடு தூரத்தில். ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதிபருக்கு வந்த கோபம் பிள்ளையில் இல்லை. "ரீச்சர், ஒரு சொல் சொல்லியிருந்தா மணிக்கு முதல் அவனை அங்கால கூட்டிக்கொண்டு போயிருப்பன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம் நியாயமானதுதான், முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அதிபரிடம் போகாதீர்கள், அது கடைசிக்கு. முதலில் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கண்டு, எந்தப் பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி அலகு இருக்கிறது, அங்கே ரீச்சர் உண்மையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெயர்ப்பலகை இருந்து ஆள் இல்லாத அலகுகளையும் நான் பார்த்திருக்கிறேன். வாடகை வீடு தேடுவது அதற்குப் பிறகு. நாங்கள் வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் தேடினோம், தினம் 22 கிலோமீற்றர் மோட்டார் சைக்கிள்.

கிணற்றைப் பார்க்காமல் வீடு எடுப்பது

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஓடு, கரண்ட், குளியலறை எல்லாம் பார்ப்பார்கள். வளவுக்குப் பின்னால் போய்ப் பார்க்க மாட்டார்கள். வன்னியில் பின்னால் என்ன இருக்கும்? கட்டுக் கட்டாத கிணறு இருக்கும், வாய்க்கால் இருக்கும், கொஞ்சம் தள்ளிக் குளம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்துவிட்டால் வயல் ஓரத்து வீடுகளுக்கு அருகிலேயே வாய்க்கால் நிரம்பி ஓடும். ஓட்டிசப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர், ஆபத்து விளங்காது, கூப்பிட்டால் திரும்பாது. படலையின் கொழுக்கியை வெளிப்பக்கம், உங்கள் தலை உயரத்துக்கு ஏற்றுங்கள். கிணற்றுக்குக் கம்பி வலை மூடி போடாமல் சாமானை இறக்க வேண்டாம். வீட்டுக்காரர் செலவைத் தர மறுத்தால் நீங்களே போடுங்கள்.

பக்கத்து நாலு வீட்டுக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் முகத்தைக் காட்டுங்கள். வெட்கம் எல்லாம் பிறகு.

பழைய கிளினிக்கை வெட்டிவிட்டு வருவது

புது இடத்தில் இரண்டு தரம் காட்டி முடியும்வரை பழைய திகதியை விடாதீர்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர்தான், பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. முல்லைத்தீவின் உள்பக்கம் என்றால் கஷ்டம், ஆனாலும் விடாதீர்கள்.

இடமாற்ற மேன்முறையீட்டில் அழுவது

கண்ணீர் மூன்று பக்கம், மருத்துவ அறிக்கை பூச்சியம். மாற்றி எழுதுங்கள்.

பிரதேச செயலகத்துக்குப் போகாமல் இருப்பது

கிராம அலுவலரிடம் பதிந்த கையோடு சமூக சேவை உத்தியோகத்தரையும் கண்டுவிடுங்கள். பிள்ளை ஐந்து வயதுக்குள் என்றால் குடும்பநல உத்தியோகத்தரையும், ஊரில் நாம் மிட்வைவ் என்பவர். உங்களுக்கு முன்னால் இதே பிள்ளையோடு வந்த குடும்பம் எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு முதல் கூட்டாளி கிடைத்தது அப்படித்தான்.

"சுகமாக்கித் தாறம்"

மருந்தோ எண்ணெயோ நூலோ, ஓட்டிசத்தை மாற்றும் என்று காசு கேட்டால் எழும்பி வாருங்கள். அந்தக் காசுக்குப் பெற்றோல் அடியுங்கள்.

வீட்டுச் சாமானைப் புதிதாக மாற்றுவது

வேண்டாம். வெடித்த கோப்பையாக இருந்தாலும் அதையே கொண்டு வாருங்கள்.

பால் காய்ச்ச ஊரைக் கூப்பிடுவது

முதல் மாதம் வேண்டாம். காய்ச்சுங்கள், நீங்களே குடியுங்கள்.