கடைக்கோடி ஊரில் உதவி எங்கே கிடைக்கும்? நர்சம்மாவிடம் இருந்து தொடங்குங்கள்

கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் கொள்ளிடக் கரையிலோ, திட்டக்குடி தாண்டி உள்ளே தள்ளியோ இருக்கிறது உங்கள் ஊர், பஸ் எப்போதாவதுதான் வரும், வீட்டில் வயதானவர் இருக்கிறார், ஒரு மாத்திரை வாங்கிவரவே அரை நாள் போய்விடுகிறது. யாரிடம் கேட்பது?

எடுத்ததும் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள். ஊருக்குள் வீடு வீடாக வருகிற கிராம சுகாதார நர்ஸ், அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழு அக்கா, இவர்களிடம் முதலில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவருக்கு பிசியோதெரபியும் உண்டு. ஆனால் உங்கள் அம்மா பெயர் அவர்கள் நோட்டில் ஏறியிருக்க வேண்டும். அதை நர்சம்மாவிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

அடுத்தது, எதையும் வாயால் மட்டும் கேட்காதீர்கள். சித்தப்பா இறந்த பிறகு என் சித்தி விதவை உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் நடந்தார், போன இடத்தில் எல்லாம் "அடுத்த வாரம் வாம்மா" என்றார்களே தவிர ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. குழு அக்கா ஒருவர்தான் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் விண்ணப்பம் போட்டு எண்ணை வாங்கிக் கொடுத்தார். அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் சித்திக்கு நிமிர்ந்து நின்று கேட்கவே தைரியம் வந்தது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், இறப்புச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், ஒரு எழுத்து மாறினாலும் அலைய வேண்டிவரும்.

அப்படியும் நகரவில்லையா? திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் முதல்வர் உதவி மைய எண்ணான 1100-க்குப் பேசலாம். ரோடு, குடிதண்ணீர், தெருவிளக்கு மாதிரி ஊர்ப் பொது விஷயம் என்றால் கிராம சபைதான் சரியான இடம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய், நீங்கள் சொன்னது தீர்மானமாக எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். நிலம், குடும்பச் சண்டை என்றால் 15100, இலவச சட்ட உதவி. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

பாகூர் எல்லையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் பின்னிக் கிடக்கின்றன, உதவித்தொகை எல்லாம் ரேஷன் கார்டு எந்த அரசுடையதோ அங்கேதான், 1100-ம் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். ஜிப்மர் மத்திய அரசு ஆஸ்பத்திரி என்பதால் இரண்டு பக்கத்து ஆட்களும் போகலாம். 108 ஆம்புலன்ஸ், குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567, இந்த நான்கும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மழைக்காலத்துக்கு முன்னாலேயே, ஐப்பசி பிறப்பதற்குள், உங்கள் ஊருக்குப் புயல் பாதுகாப்பு மையம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விஏஓ-விடமோ தலையாரியிடமோ கேட்டுவையுங்கள். 2011 தானே புயலில் அடிபட்ட மாவட்டம் இது, 2015-ல் வெள்ளத்தையும் பார்த்தது. மாவட்டப் பேரிடர் எண் 1077. புயல் நேரத்தில் கரண்ட் போய் செல்போனும் அணைந்துவிடும், அதனால் எண்களை எல்லாம் காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.