ஊர் கூடி 2048 ஆடுவோம்: சாட் பெட்டியை கன்ட்ரோலராக மாற்றும் வழி

2014 பிப்ரவரி 12 அன்று, பெயர் சொல்லிக்கொள்ளாத ஓர் ஆஸ்திரேலிய புரோகிராமர் பழைய கேம்பாய் விளையாட்டான 'போக்கிமான் ரெட்'டை ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளத்தில் ஓடவிட்டார். கன்ட்ரோலரைப் பார்வையாளர்களிடமே கொடுத்துவிட்டார். சாட்டில் 'அப்' என்று அடித்தால் ஆட்டத்தின் நாயகனான பையன் மேலே நடப்பான், 'ஏ' என்று அடித்தால் ஏ பட்டன் அழுந்தும். ஏற்பாடு அவ்வளவுதான். 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைவைத்தார்கள். உச்சத்தில் ஒரே நேரத்தில் 1.2 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் 1 அன்று ஆட்டத்தை முடித்தும் விட்டார்கள்!

அதே ஏற்பாட்டைச் சின்ன அளவில் வீட்டில் செய்து பார்ப்போம். விண்டோஸ் கம்ப்யூட்டர், ட்விட்ச் கணக்கு, திரையை நேரலையாக அனுப்பும் ஓபிஎஸ் ஸ்டுடியோ (இலவசம்தான்), பைத்தான் இருந்தால் போதும். பைத்தானில் லூப்பும் இஃப்பும் எழுதத் தெரிந்தவர்கள் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

படி 1: காத்திருக்கும் விளையாட்டாகத் தேர்ந்தெடுங்கள்

பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. உங்கள் திரையில் நடப்பது பார்வையாளரின் போனுக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். அவர் அடிப்பது உங்களுக்கு வரும்போது ஆட்டம் வேறெங்கோ போயிருக்கும். போக்கிமான் ஓடிய காலத்தில் இந்தத் தாமதம் அரை நிமிடம் வரை போனது. அந்த விளையாட்டில் ரூட் 9 என்ற இடத்தில் ஒரு மேட்டு விளிம்பு உண்டு. விளிம்பை ஒட்டியே நடக்க வேண்டும், ஒரு 'டவுன்' அதிகமாக விழுந்தால் பையன் கீழே குதித்துவிடுவான். திரும்ப ஏற முடியாது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். தனியாக ஆடுபவருக்குச் சில நொடி வேலை, கூட்டத்துக்கு மணிக்கணக்கானது. அவர்களுக்கு விவரம் போதாமல் இல்லை. பழைய காட்சியைப் பார்த்துப் பட்டன் அழுத்தினால் யாருக்கும் அதுதான் கதி. ஆனாலும் அவன் சாகவில்லை, பட்டன் வரும்வரை நின்றுகொண்டிருந்தான். அதனால்தான் முடிக்க முடிந்தது. மாரியோவை இப்படி ஆட முயன்றால் முதல் பள்ளத்திலேயே கதை முடிந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டது 2048. எண் கட்டங்களை ஒரு பக்கமாகத் தள்ளி, ஒரே எண்களை ஒன்றாகச் சேர்க்கும் விளையாட்டு; ஒவ்வொரு நகர்வுக்கும் 2 அல்லது 4 என்று ஒரு புதுக் கட்டம் முளைக்கும். நான்கு திசைதான், பிரவுசரிலேயே ஓடும், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

படி 2: ஸ்ட்ரீமைத் தொடங்குங்கள்

ஓபிஎஸ்ஸில் 'விண்டோ கேப்சர்' சேர்த்து 2048 ஓடும் பிரவுசரைக் காட்டுங்கள். ட்விட்ச் அமைப்புகளில் தாமதத்தைக் குறைக்கும் லோ லேட்டன்சி என்று ஒன்று இருக்கும், அது ஆன் ஆகியிருக்கட்டும். அப்புறம் தாமதத்தை அளந்துவிடுங்கள்: நொடி காட்டும் கடிகாரம் ஒன்றைக் கேப்சர் ஆகும் ஜன்னலில் திறந்து, அதே ஸ்ட்ரீமைப் போனிலும் ஓடவிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு 6 நொடி வித்தியாசம். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படி 5-இல் வேண்டும்.

படி 3: சாட்டைப் படிக்கும் நிரல்

(சாட்டை என்றதும் பம்பரம் விடும் சாட்டை ஞாபகம் வருகிறது. சாட் பெட்டியைத்தான் சொல்கிறேன்.)

ட்விட்ச் சாட் உள்ளுக்குள் ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையில் ஓடுகிறது. பைத்தானின் சாக்கெட் மாட்யூலில் 'ஐஆர்சி புள்ளி சாட் புள்ளி ட்விட்ச் புள்ளி டிவி' என்ற முகவரிக்கு, 6667 போர்ட்டில் இணையுங்கள். சும்மா படிப்பதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. 'நிக்' கட்டளையோடு 'ஜஸ்டின்ஃபேன்' என்ற பெயரும் அதன் வாலில் சில எண்களும், அடுத்த வரியில் 'ஜாயின்' கட்டளையோடு ஹேஷ் குறி போட்டு உங்கள் சேனல் பெயரும் அனுப்புங்கள். பெயர்கள் இரண்டும் சின்ன எழுத்தில்.

இனி ஒவ்வொரு செய்தியும் ஒரு வரியாக வரும். முதல் ஆச்சரியக்குறிக்கு முன்னால் இருப்பது அடித்தவர் பெயர், சேனல் பெயரை அடுத்து வரும் முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது அவர் அடித்தது. இரண்டு இடங்களில் புதியவர்கள் வழுக்குவார்கள். சர்வர் அவ்வப்போது 'பிங்' அனுப்பும். 'பாங்' என்று பதில் போடாவிட்டால் இணைப்பை அறுத்துவிடும். அடுத்தது, ஒரு தடவை வாசித்தால் ஒரே ஒரு வரிதான் வரும் என்று நினைக்கக் கூடாது. மூன்று வரி சேர்ந்தும் வரும், பாதி வரியும் வரும். வந்ததை ஒரு ஸ்ட்ரிங்கில் சேர்த்துக்கொண்டே போய், முழு வரி ஆனவற்றை மட்டும் வெட்டி எடுங்கள்.

படி 4: எண்ணைப் பட்டனாக்குங்கள்

கட்டளைகளைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டேன். 'கீழ்' என்று ஒருவர், 'கீழே' என்று ஒருவர், 'கிழே' என்று ஒருவர் அடிக்க, எண்களுக்கு மாறினேன். அதிலும் முதல் நாள் ஒரு கூத்து. கம்ப்யூட்டர் கீபோர்டின் எண் பகுதியைப் பார்த்து 8 மேலே, 2 கீழே என்று வைத்திருந்தேன். ஆட வந்தவர்கள் கையிலோ போன். அதில் 2 மேலே இருக்கிறது, 8 கீழே! அரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். போனில் உள்ளபடியே வைத்துவிடுங்கள்: 2 மேல், 8 கீழ், 4 இடம், 6 வலம்.

பட்டனை அழுத்தப் பைஆட்டோகுயி என்ற லைப்ரரி போதும். அதன் 'பிரஸ்' ஃபங்ஷனுக்குத் திசைப் பட்டனின் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. செய்தி முழுவதுமே அந்த ஒரு எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள், எண் எங்காவது இருக்கிறதா என்று தேடாதீர்கள். "மணி 8 ஆச்சு, சாப்பிட வா" என்று அத்தை சாட்டில் போட்டதற்கு என் கட்டங்கள் கீழே இறங்கின.

இன்னொன்று. இந்த லைப்ரரி எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதில்தான் அழுத்தும். நடுவில் ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன், கர்சர் பேய் பிடித்த மாதிரி கட்டம் கட்டமாக அலைந்தது. கட்டுப்பாடு கைமீறினால் மவுஸைத் திரையின் மூலைக்குத் தள்ளுங்கள், நிரல் நின்றுவிடும்.

படி 5: களேபரமா, ஓட்டெடுப்பா?

இதுவரை செய்தது களேபர முறை: யார் என்ன அடித்தாலும் உடனே நடக்கும். போக்கிமானிலும் முதலில் இதுதான். டீம் ராக்கெட் என்ற வில்லன் கூட்டத்தின் பதுங்கிடத்தில், மிதித்தால் சுழற்றி இழுத்துக்கொண்டு போகும் தரையில் சிக்கிய பிறகு ஓட்டெடுப்பைக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மெனுவைத் திறந்து மூடும் ஸ்டார்ட் பட்டனை ஒன்பது முறை அழுத்தவைக்கும் 'ஸ்டார்ட்9' கட்டளையை எல்லோருமாக அடித்து மறியல் செய்தார்கள்.

எழுதுவது எளிது. ஒரு டிக்‌ஷனரியில் ஆள் பெயருக்கு எதிரே அவர் கடைசியாக அடித்த எண். ஒருவர் நூறு தடவை அடித்தாலும் ஒரு ஓட்டுதான். நேரம் முடிந்ததும் எண்ணி, அதிகம் வந்ததை அழுத்திவிட்டு டிக்‌ஷனரியைக் காலி செய்யுங்கள். நேரம் எவ்வளவு? நான் முதலில் 3 நொடி வைத்தேன். 6 நொடி தாமதத்தில் 3 நொடி ஓட்டு என்றால், வருகிற ஓட்டெல்லாம் போன பலகைக்கு விழுந்த ஓட்டு. இப்போது 15 நொடி. அதில் முதல் 6 நொடியில் வருபவற்றை எண்ணுவதே இல்லை. உங்கள் தாமதம் எவ்வளவோ அதை அங்கே போடுங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டையும் வைத்து, நடுவில் மாற்றிக்கொள்ள ஒரு பட்டன் கொடுங்கள். சோதனை ஆட்டத்தில் எட்டுப் பேர் ஓட்டுப் போட்டு, இடது கீழ் மூலையில் 512-ஐ உட்காரவைத்திருந்தார்கள் (பெரிய எண்ணை மூலையிலிருந்து அசைக்காமல் இருப்பதுதான் 2048-இன் உத்தி). கொஞ்சம் சலிப்பாக இருக்கிறதே என்று களேபரத்துக்கு மாற்றினேன். நாலாவது நொடியில் சித்தி பையன் 2 அடித்தான். 512 மேலே ஏறியது, காலியான மூலையில் ஒரு புது 2 வந்து உட்கார்ந்தது. மற்ற ஏழு பேரும் ஐந்து நிமிடம் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த ஐந்து நிமிடமும் சாட்டில் ஒரு கட்டளைகூட வரவில்லை.