கேள்வி கேட்காத பத்து நிமிடம்: ஆட்டிசக் குழந்தையோடு நெருங்கும் வழி

முதலில் சத்தம். பெங்களூரில் அல்சூர், விவேக்நகர் பக்கத்து வீடுகளில் குக்கர் விசிலும் ஹாரனும் ஓயாது. காதைப் பொத்திக்கொண்டிருக்கும் குழந்தைக்கு உங்களைக் கவனிக்கவே முடியாது. வீடு அடங்கியிருக்கும் ஒரு நேரத்தைப் பிடியுங்கள். தினமும் அதே நேரம், அதே பாய், 10 நிமிடம். டிவியும் போனும் வேண்டாம்.

படி 1: தரையில், குழந்தைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். "என்னைப் பாரு" என்று முகத்தைத் திருப்பாதீர்கள். பல குழந்தைகளுக்குக் கண்ணைப் பார்த்துக்கொண்டே காது கொடுப்பது கடினம்.

படி 2: குழந்தை கார் சக்கரத்தைச் சுற்றினால் நீங்களும் இன்னொரு காரை எடுத்துச் சுற்றுங்கள். அதனால் எல்லாப் பொம்மையிலும் இரண்டு வேண்டும். கையில் இருப்பதை வாங்கிக் காட்டினால் உங்களைக் கண்டாலே பொம்மையை மறைக்கும்.

படி 3: பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. ரெண்டு நிமிடம் ஒழுங்காகப் போகும், உடனே "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவோம். பெரியவர் வந்து உட்கார்ந்தால் விளையாட்டு முடிந்து பரீட்சை தொடங்கும் என்று குழந்தை புரிந்துகொள்கிறது, எழுந்து போய்விடுகிறது. கேள்விக்குப் பதிலாக, நடப்பதை ஒரு சொல்லில் சொல்லுங்கள்: "சுத்துது", "விழுந்துச்சு". நிமிடத்துக்கு ரெண்டு மூன்று சொல் போதும். குழந்தை தானே பக்கத்தில் வந்து சாயும் வரை, அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுக்கும் வரை இந்தப் படியிலேயே இருங்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மாதங்கள்.

படி 4: பபுள்ஸ். இரண்டு முறை ஊதுங்கள். மூன்றாவது முறை வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், கையைத் தொடுவது, எது வந்தாலும் 'இன்னும் வேணும்' என்று கேட்டதாகவே அர்த்தம், உடனே ஊதுங்கள். எதுவும் வராவிட்டாலும் ஊதிவிடுங்கள். "சொன்னாத்தான் ஊதுவேன்" வேண்டவே வேண்டாம். எண்ணும்போது நடுவில் பேசினால் அதையும் குழந்தை புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பேட்டரி பொம்மையை நான் பரிந்துரைப்பதில்லை. பட்டனை அழுத்தினால் அது தானே ஓடும், அதற்கு நீங்கள் தேவைப்படமாட்டீர்கள்.

படி 5: இப்போதுதான் பாடம். ஒரு அட்டையில் இரண்டு படம் ஒட்டுங்கள்: முதலில் 2 கட்டை அடுக்குவது, அப்புறம் பபுள்ஸ். கட்டை கோணலாக நின்றாலும் பபுள்ஸ் உண்டு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டினால் மறுநாள் குழந்தை அட்டையையே நம்பாது.

பின்சேர்க்கை: பலர் கேட்பது மொழி பற்றி. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். குழந்தை குழம்பிவிடும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கொஞ்சுவதற்கு உங்களுக்கு வாயில் வரும் மொழியிலேயே பேசுங்கள். பேச்சு வராத குழந்தைக்கு, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. படத்தைத் தொட்டுக் கேட்கப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் தேவையில்லை.

காய்ச்சல், தூக்கமின்மை, வீட்டில் விருந்தாளி என்றால் அன்று அட்டையை எடுக்காதீர்கள். படி 2 மட்டும்.