முதல் ஸ்நோ எப்ப விழும்? ரொறன்ரோ வானிலை அறிக்கையை வாசிக்கும் முறை

ஒக்டோபர் முடிந்தால் ஸ்காபரோவில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். கைபேசியோடு வரும் செயலியில் வெள்ளைப் பூ ஒன்று தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் 'ஸ்நோ வருகுது' என்று செய்தி பறக்கும். அந்தப் படத்தை மட்டும் நம்பாதீர்கள்.

படி 1: கனடா சுற்றுச்சூழல் அமைச்சின் 'வெதர்கான்' செயலியை இறக்குங்கள். இலவசம். வேறு செயலிகள் பார்க்க வடிவாக இருக்கலாம், ஆனால் எனக்கு இதுதான் முதல். இதில் முன்னறிவிப்பு வசனமாகவே இருக்கும், காற்றுத் திசையும் சேர்ந்து வரும்.

படி 2: உங்கள் ஊரைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். ரொறன்ரோவுக்குச் சொல்வது நியூமார்க்கெட்டுக்குப் பொருந்தாது. ஒன்ராறியோ ஏரி நவம்பரிலும் கோடைச் சூட்டை முழுதாக விட்டிருக்காது. கிழக்குக் காற்று அந்தச் சூட்டைக் கரைக்குக் கொண்டுவந்தால் ஏரிக்கரையில் மழைதான். ஏரி மட்டம் கடலுக்கு மேலே சுமார் 75 மீற்றர். றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஓக் றிட்ஜஸ் மேடு 300 மீற்றர் வரை உயர்கிறது. அதனால் ஒரே நாளில் அங்கே தரை வெளுத்திருக்க, இங்கே தெரு நனைந்து மட்டும் கிடக்கும். காற்று வடமேற்கிலிருந்து என்றால் ஜோர்ஜியன் விரிகுடாவின் ஈரம் முதலில் பாரி பக்கம் கொட்டும்.

படி 3: இதில்தான் நான் நிறைய மினக்கெட்டேன். வெப்பநிலை 2 பாகை என்றால் மழை என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் 'டியூ பொயின்ட்' (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு என்று பாருங்கள். 2 பாகையும் டியூ பொயின்ட் மறை 4-உம் (-4) என்றால் வித்தியாசம் 6. அதில் மூன்றிலொரு பங்கை, அதாவது 2-ஐ, வெப்பநிலையிலிருந்து கழியுங்கள்: 0. காற்று அவ்வளவு வறண்டிருப்பதால், விழுகிற துளிகள் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக் காற்றை ஏறக்குறைய அந்த 0 வரை குளிர்விக்கும். மழையாகத் தொடங்கியது கொஞ்ச நேரத்தில் ஸ்நோவாக மாற நல்ல வாய்ப்பு. அதே 2 பாகையில் டியூ பொயின்ட் 1 என்றால் குளிர இடமில்லை. பெரும்பாலும் மழை, மிஞ்சினால் ஈரச் சொதசொதப்பு. இது தோராயக் கணக்கு, மேலே சூடான காற்று இருந்தால் பிழையாகிவிடும். என்றாலும் படத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட எவ்வளவோ மேல்.

படி 4: அளவு. 1 மில்லிமீற்றர் நீருக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் ஸ்நோ என்பது பொதுக் கணக்கு. முதல் ஸ்நோ அனேகமாக ஈரமாக இருக்கும், அதனால் குறைவாகவே எதிர்பாருங்கள். தரையிலும் சூடு மிச்சமிருக்கும், விழுந்ததில் பாதி உருகிவிடும்.

காருக்குக் குளிர்கால ரயர் மாற்ற இந்த அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளாந்த வெப்பம் 7 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் மாற்றுங்கள். ஸ்நோ எச்சரிக்கை வந்த பிறகு கராஜில் இடம் கிடைக்காது.

பின்சேர்க்கை: 'ரெயின் ஷவர்ஸ் ஓர் ஃப்ளரீஸ்' என்றால் என்ன என்று அஜாக்ஸிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். விட்டுவிட்டுப் பெய்யும், மழையா ஸ்நோவா என்பது மயிரிழையில் இருக்கிறது என்று அர்த்தம். படி 3-ஐச் செய்து பார்க்கவேண்டிய நாள் அதுதான், அக்கா. இரவுவேலை முடிந்து விடியப்புறம் வருகிறவர்கள் மேம்பாலங்களில் மெதுவாக ஓட்டுங்கள். கீழேயும் காற்று ஓடுவதால் மற்றத் தெருவுக்கு முன்பே அங்கே ஐஸ் பிடித்துவிடும்.